சைக்கிள் அச்சில் ஏறி இறங்கும் விண்ட்ஸ்கிரீன்

நான் ஓட்டுவது ஒற்றைச் சிலிண்டர் கொண்ட, நெடுந்தூரப் பயணத்துக்கு ஏற்ற ஒரு மோட்டார் சைக்கிள். அதன் விண்ட்ஸ்கிரீன், அதாவது முன்னால் காற்றைத் தடுக்கும் பிளாஸ்டிக் தகடு, நான்கு போல்ட்டுகளால் ஒரே உயரத்தில் பிணைக்கப்பட்டிருந்தது. ஊருக்குள் ஓட்டும்போது அந்த உயரத்தால் தொல்லை ஏதும் இல்லை. நான்குவழிச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும், விண்ட்ஸ்கிரீனின் மேல் விளிம்பில் இருந்து பிய்ந்து வரும் கலங்கிய காற்று நேராக ஹெல்மெட்டின் நெற்றியில் வந்து மோதும். தலை சன்னமாக ஆடும். ஒரு மணி நேரத்தில் கழுத்து வலிக்கத் தொடங்கும். காதுக்குள் இரைச்சல் நிற்காது. 100 கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் காற்றிரைச்சல் 90 டெசிபெலைத் தாண்டுவது வழக்கம் என்பதால், இதை வெறும் சௌகரியக் குறைவு என்று தள்ளிவிட முடியாது. இது செவியின் ஆரோக்கியம் சார்ந்த விஷயம்.

விண்ட்ஸ்கிரீனின் உயரத்தை மாற்ற வெளிநாட்டுத் தயாரிப்பான அட்ஜஸ்டர்கள் கிடைக்கின்றன. விலை பல ஆயிரம் ரூபாய். அவற்றில் பலவும் இரண்டு திருகுகளின் இறுக்கத்தை மட்டுமே நம்பி நிற்பவை என்பது எனக்கு உடன்பாடாக இல்லை. எனவே ஒரு பழைய சைக்கிளின் பின் சக்கர அச்சையும், ஜன்னல் செய்யும் பட்டறையில் மிஞ்சிய அலுமினியத் துண்டுகளையும் கொண்டு, கையுறை போட்ட கையாலேயே ஏற்றி இறக்கக்கூடிய ஓர் அமைப்பை நானே செய்தேன். செய்த முறையையும், ஒவ்வோர் அளவையும் எதற்காகத் தேர்ந்தேன் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விண்ட்ஸ்கிரீனை எவ்வளவு உயர்த்த வேண்டும், உண்மையிலேயே உயர்த்தத்தான் வேண்டுமா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. வாகனங்கள் இல்லாத நேரான சாலையில் சீரான வேகத்தில் செல்லும்போது தலையைச் சற்றே தாழ்த்திப் பாருங்கள்; இரைச்சல் திடீரென அடங்கினால் விண்ட்ஸ்கிரீன் உயர வேண்டும். மாறாக, கால்தாங்கியில் ஊன்றிச் சற்று எழுந்ததும் அடங்கினால், அது தாழ வேண்டும் என்று பொருள். எனக்கு நான்கு விரற்கடை அளவு குனிந்ததும் அமைதி கிடைத்தது. அதை வைத்து, மொத்த நகர்வை 70 மி.மீ. என்று முடிவு செய்தேன். இதற்கு ஓர் எல்லையும் உண்டு. எவ்வளவு உயர்த்தினாலும் மேல் விளிம்பு மூக்கின் மட்டத்தைத் தாண்டக் கூடாது. சாலையை விண்ட்ஸ்கிரீனுக்கு மேலாகப் பார்க்க வேண்டுமே தவிர அதன் வழியாகப் பார்க்கக் கூடாது. இரவு மழையில், எதிரே வரும் லாரியின் விளக்கு ஈரப் பிளாஸ்டிக்கில் பட்டுச் சிதறும்போது இதன் அவசியம் தெரியும்.

அடுத்தது, காற்று எவ்வளவு விசையோடு தள்ளுகிறது என்ற கணக்கு. என் விண்ட்ஸ்கிரீன் ஏறத்தாழ 35 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் கொண்டது, அதாவது 0.1 சதுர மீட்டரைவிடச் சற்று கூடுதல். 100 கிலோமீட்டர் வேகத்தில் அதன் மீது விழும் விசை ஐந்து, ஐந்தரை கிலோ எடைக்குச் சமம். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், அதே வேகத்தில் 40 கிலோமீட்டர் எதிர்காற்றும் சேர்ந்தால் அது ஏறத்தாழ இரட்டிப்பாகிப் பத்தரை கிலோவைத் தொடும். ஓர் அலுமினியத் துண்டுக்கு இது பெரிய பாரம் இல்லை. ஆனால் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு ஓயாமல் சேரும்போது, உராய்வை மட்டும் நம்பி இறுக்கப்பட்ட எந்தத் திருகும் நாளடைவில் வழுகி இறங்கிவிடும். இங்கே கவனிக்க வேண்டியது உலோகத்தின் பலத்தை அல்ல, வழுகலைத்தான்.

இதற்கான விடை காற்றின் திசையிலேயே இருக்கிறது. காற்று விண்ட்ஸ்கிரீனை எப்போதும் பின்னோக்கியே தள்ளுகிறது. அச்சு ஏறி இறங்கும் காடியின், அதாவது தகட்டில் வெட்டிய நீண்ட திறப்பின், பின்பக்க விளிம்பில் வரிசையாகப் பள்ளங்களை வெட்டி வைத்தால், காற்று தள்ளத் தள்ள அச்சு பள்ளத்துக்குள் இன்னும் நன்றாக அமரும். விண்ட்ஸ்கிரீன் ஓட்டுபவரை நோக்கிச் சாய்ந்திருப்பதால் அதன் சொந்த எடையும் அதே திசையில்தான் இழுக்கிறது. இறுக்கும் நெம்புகோல் தளர்ந்துவிட்டாலும் விண்ட்ஸ்கிரீன் கடகடக்குமே தவிர, கீழே சரியாது. இந்த ஒரு குணத்துக்காகவே மற்றதையெல்லாம் வடிவமைத்தேன்.

பாகங்களில் முதன்மையானது சைக்கிளின் பின் சக்கர அச்சு. கியர் சைக்கிள்களில் சக்கரத்தை ஸ்பேனர் இல்லாமல் கழற்ற ஒரு நெம்புகோல் இருக்கும். கடைகளில் அதை க்விக் ரிலீஸ் என்றே கேட்கலாம். அந்த வகைச் சக்கரத்தின் அச்சு உள்ளே துளையுள்ளது. வெளி விட்டம் 10 மி.மீ., வெளிப்புறம் முழுவதும் மரை வெட்டியிருக்கும். துளை வழியாக 5 மி.மீ. கம்பி ஒன்று ஓடும். ஒரு முனையில் நெம்புகோல், மறுமுனையில் நட். அச்சின் இரு பக்கமும் இருக்கும் பூட்டு நட்டுகளின் வெளிமுகம், சைக்கிளின் சட்டத்தைக் கவ்வுவதற்காகச் சொரசொரப்பாக வெட்டப்பட்டிருக்கும். திருநெல்வேலியில் நான் வழக்கமாகப் போகும் சைக்கிள் கடை அண்ணாச்சி, கழற்றிப் போட்ட சக்கரங்களின் குவியலில் தேடி எடுத்துக் கொடுத்தபோது, "முன் சக்கரத்து அச்சு நீளம் பத்தாது தம்பி, பின்னாலதக் கொண்டு போங்க" என்றார். அவர் சொன்னது சரி. முன் சக்கர அச்சில் பூட்டு நட்டுகளின் வெளிமுகங்களுக்கு இடையே உள்ள அகலம் 100 மி.மீ.; பின் சக்கர அச்சில் பெரும்பாலும் 135 மி.மீ. என் வண்டியில் விண்ட்ஸ்கிரீனைத் தாங்கும் இரண்டு கால்களுக்கு இடையே உள்ள தூரத்துக்குப் பின் அச்சே பொருந்தியது. உங்கள் வண்டியில் இடைவெளி இதைவிட அதிகமாக இருந்தால் உள்கம்பிக்குப் பதிலாக ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் எம் 5 (5 மி.மீ. விட்டமுள்ள) மரைக் கம்பியை வெட்டிப் போட்டுக்கொள்ளலாம். நெம்புகோலின் மரை அதே 0.8 மி.மீ. இடைவெளி கொண்ட வழக்கமான எம் 5 மரைதான்.

நெம்புகோலைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். அதன் கேம் (நெம்புகோலைத் திருப்பும்போது நெருக்கி இறுக்கும் மேடான பகுதி) வெளியே தெரியும்படி பிளாஸ்டிக் வளையத்தின் மீது உருளும் வகை ஒன்று; உலோக மூடிக்குள் மறைந்து சுழலும் வகை மற்றொன்று. இரண்டாவதை வாங்குங்கள். அதே கைவிசைக்கு அது கூடுதலாக இறுக்கும். தூசியும் மழைநீரும் உள்ளே போய்ச் சேராது.

அலுமினியத்தை எடை போட்டு வாங்கினேன். ஜன்னல் பட்டறைகளில் பயன்படும் எல் ஆங்கிளில், ஒன்றரை அங்குல அகலமும் 3 மி.மீ. கனமும் உள்ள துண்டு போதும். தட்டையான பட்டையை வாங்கி வளைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஜன்னல் செக்‌ஷன்கள் பெரும்பாலும் 6063 என்ற கலப்பு உலோகத்தைச் சூட்டுப்பதம் செய்து கடினப்படுத்தியவை. கூர்மையாக வளைத்தால் மடிப்பின் வெளிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும், அதிர்வில் அவையே விரிசலாக வளரும். சோப்பைத் தடவி, அது கறுக்கும் வரை சூடு காட்டி மென்மையாக்கி வளைக்கும் பழைய முறை ஒன்று உண்டு. அப்படிச் செய்தால் வளையும், ஆனால் இழந்த கடினம் தானாகத் திரும்பி வராது. எல் ஆங்கிளை எடுத்துக்கொண்டால் வளைக்கும் வேலையே இல்லை. ஒரு முகம் வண்டியோடு சேர்கிறது, அதற்குச் செங்குத்தான மறுமுகம் காடிகளைத் தாங்குகிறது.

ஒரு பக்கத்துக்கு இரண்டு துண்டுகள் தேவை. வண்டியின் பழைய போல்ட் துளைகளில் பொருந்தி அசையாமல் நிற்பதை நிலைத் தகடு என்றும், விண்ட்ஸ்கிரீனைச் சுமந்து நகர்வதை நகர்தகடு என்றும் வைத்துக்கொள்வோம். நிலைத் தகட்டின் நீளம் 200 மி.மீ. அதில் மேலே பள்ளங்கள் கொண்ட காடி, கீழே வெறும் நேர்க்காடி. நகர்தகட்டில் மேலே அச்சுக்கு 10 மி.மீ. துளை, அதற்கு 90 மி.மீ. கீழே எம் 5 போல்ட்டுக்கு ஒரு துளை. அச்சின் கம்பி மேல் காடியிலும், கீழ் போல்ட் நேர்க்காடியிலும் ஓடும். ஏற்ற வேண்டும் என்றால் நெம்புகோலைத் திறந்து, விண்ட்ஸ்கிரீனின் மேல் விளிம்பை ஒரு விரற்கடை முன்னே தள்ள வேண்டும். அது கீழ் போல்ட்டைச் சுற்றி இரண்டரை டிகிரி அளவு சாய, கம்பி பள்ளத்தில் இருந்து வெளியே வரும். அப்படியே தூக்கி, வேண்டிய உயரத்தில் விட்டால் தானாகவே அடுத்த பள்ளத்தில் விழும். பிறகு நெம்புகோலை மூட வேண்டும். வேலை இவ்வளவுதான், ஆனால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தாமல் இதைச் செய்யக் கூடாது.

பள்ளங்களின் அளவுதான் இந்த வேலையின் உயிர். தகட்டில் 4 மி.மீ. இடைவெளியில் இரண்டு இணைகோடுகளைக் கீறிக்கொண்டேன். பின்கோட்டில் 14 மி.மீ.க்கு ஒன்றாக 6 மி.மீ. விட்டமுள்ள ஆறு துளைகள். முன்கோட்டில் 6 மி.மீ. அகலக் காடி. துளைகளும் காடியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் பள்ளத்தின் வாய் 5.6 மி.மீ. அகலம் கிடைக்கும். 5 மி.மீ. கம்பி அதன் வழியே தாராளமாகப் போகும்; உள்ளே அமர்ந்தபின் கம்பியின் மையம், இரண்டு பள்ளங்களுக்கு நடுவே நிற்கும் பல்லின் முனையைத் தாண்டி ஒன்றரை மி.மீ. ஆழத்தில் நிற்கும் என்பதால் மேலேயோ கீழேயோ நழுவ வழியில்லை. இணைகோடுகளின் இடைவெளியை 5 மி.மீ. ஆக்கினால் பூட்டு ஆழமாகுமே என்று நினைக்கலாம். அப்போது வாய் நாலரை மி.மீ. ஆகச் சுருங்கி, கம்பியே நுழையாது. பின்பு ஒவ்வொரு பள்ளத்தையும் அரத்தால் அகலப்படுத்த வேண்டும். கை அரத்தால் பன்னிரண்டு பள்ளங்களும் ஒரே அளவில் வருவது கடினம்.

பன்னிரண்டு என்றது இரண்டு பக்கத்தையும் சேர்த்து. இடதும் வலதும் துளியும் மாறாமல் இருந்தால்தான் விண்ட்ஸ்கிரீன் கோணாமல் நிற்கும். அதற்காக இரண்டு நிலைத் தகடுகளையும் முதுகோடு முதுகு வைத்து, அடியில் ஒரு மரத்துண்டைக் கொடுத்து, வைஸில் சேர்த்துக் கவ்வி, ஒரே துளையிடலில் இரண்டையும் துளைத்தேன். பள்ளங்களுக்கான துளைகளை முதலில் போட வேண்டும். காடியை முதலில் வெட்டிவிட்டால், பக்கத்தில் துளையிடும்போது டிரில் பிட் உலோகமில்லாத பக்கமாகச் சறுக்கிவிடும். துளையிடும்போது அவ்வப்போது ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டால் அலுமினியம் பிட்டில் ஒட்டாது. காடியின் நடுவில் இருக்கும் உலோகத்தை ஹேக்ஸா பிளேடால் அறுத்தெடுத்து, அரத்தால் நேர்செய்தேன். அரத்தின் பற்களில் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டு ராவினால் தூள் அடைத்துக்கொள்ளாது. இந்தச் சிறு பழக்கம் வேலையின் நேரத்தைப் பெருமளவு குறைக்கும். ராவிய பரப்பும் வழுவழுப்பாக வரும். கடைசியாக எல்லா விளிம்புகளின் பிசிரையும் நீக்கி, மூலைகளை உருட்டிவிட்டேன்; கூரான மூலையில்தான் விரிசல் பிறக்கும்.

கோக்கும் வரிசையை நடுவில் இருந்து வெளியே நோக்கிச் சொல்கிறேன். நடுவில் துளையுள்ள அச்சு. அதன் மரையில் ஒரு உள் நட், அடுத்து நகர்தகடு, அதன் வெளியே சொரசொரப்பு முகம் வெளிப்பக்கம் தெரியும்படி பூட்டு நட். உள் நட்டும் பூட்டு நட்டும் நகர்தகட்டை நடுவில் வைத்து எதிரெதிராக இறுகும்போது அச்சும் இரண்டு தகடுகளும் சேர்ந்து ஒரே சட்டமாகிவிடுகின்றன. அச்சு முழுவதும் மரை இருப்பதன் பயன் இங்கேதான்: நட்டுகளை அரைச் சுற்று, கால் சுற்று என்று நகர்த்தி, சட்டத்தின் அகலத்தை வண்டியின் இடைவெளிக்கு மிகத் துல்லியமாகப் பொருத்தலாம். லேத் பட்டறையில் கடைந்து வாங்கும் வெறும் குழாயில் இந்த வசதி கிடைக்காது. பூட்டு நட்டுக்கு வெளியே நிலைத் தகடு, அதற்கும் வெளியே 20 மி.மீ. எவர்சில்வர் வாஷர், பிறகு நெம்புகோல் அல்லது முனை நட். அச்சின் நுனி பூட்டு நட்டின் முகத்தைவிட அரை மி.மீ. உள்ளே இருக்குமாறு வெட்டிக்கொள்ள வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நெம்புகோல் அச்சைத்தான் நெருக்குமே தவிர தகட்டை நெருக்காது. பூட்டு நட்டின் சொரசொரப்பை அரத்தால் லேசாக மழுக்கினேன். பாரத்தைப் பள்ளங்கள் தாங்குவதால் நட்டு அலுமினியத்தைக் கடித்துப் பிடிக்க வேண்டிய தேவை இல்லை. கடித்தால் ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் தகடுதான் தேயும்.

கீழ் போல்ட்டுக்கு ஒரு வழுக்கு உறை வேண்டும். வீட்டுக் குடிநீர் சுத்திகரிப்புக் கருவியில் ஓடும் கால் அங்குல வெள்ளைக் குழாயில் ஒரு சிறு துண்டை வெந்நீரில் போட்டால் இளகும். சூடு ஆறும் முன் 5 மி.மீ. போல்ட்டின் மேல் தள்ளினால் இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்த உறையின் தடிமனை அளந்து, நேர்க்காடியை அதற்கேற்ப அகலப்படுத்திக்கொள்ளலாம். உலோகமும் உலோகமும் உரசும் கிறீச்சொலி இதனால் அடியோடு நின்றது. இந்த போல்ட்டுக்கு, உள்ளே நைலான் வளையம் இருப்பதால் தானாகத் தளராத நைலாக் நட்தான் போட வேண்டும். நகர்வு தடைபடாத அளவுக்கு இறுக்கி, அதே இடத்தில் அது நிற்க வேண்டும்.

விண்ட்ஸ்கிரீன் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது என்றால் ஓர் எச்சரிக்கை. மரையில் விடும் பூட்டுத் திரவம், பெட்ரோல், தின்னர் ஆகியவை பட்டால் பாலிகார்பனேட்டில் போல்ட் துளையைச் சுற்றி நட்சத்திரம் போல விரிசல் விடும். உடனே தெரியாது, இறுக்கத்தில் இருக்கும் இடத்தில் சில நாட்களில் தோன்றும். அதனால் விண்ட்ஸ்கிரீனைத் தொடும் நான்கு போல்ட்டுகளிலும் திரவம் எதையும் பயன்படுத்தவில்லை. பழைய சைக்கிள் டியூபில் இருந்து வட்டமாக வெட்டிய ரப்பரை இருபுறமும் கொடுத்து, கையால் திருகி, அதன்பின் கால் சுற்று மட்டும் இறுக்கினேன். பிளாஸ்டிக் வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். அதற்கு இடம் விட்டே பிணைக்க வேண்டும்.

அச்சு, நெம்புகோல், அலுமினியம், போல்ட், வாஷர் எல்லாமாகச் சேர்த்துச் செலவு 500 ரூபாய்க்குள் அடங்கியது. ஓட்டுபவர் பக்கம் தெரியும் அலுமினியப் பரப்பு முழுவதற்கும் பளபளப்பில்லாத கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். இது அழகுக்காக இல்லை. பிற்பகல் வெயில் வெறும் அலுமினியத்தில் பட்டுக் கண்ணில் அடிப்பது ஆபத்தானது.

சாலைக்கு எடுத்துச் செல்லும் முன் நின்ற இடத்திலேயே சில சோதனைகள் அவசியம். ஹேண்டில்பாரை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, விண்ட்ஸ்கிரீனின் மிகத் தாழ்ந்த நிலையில் கிளட்ச் கேபிளோ கண்ணாடியின் தண்டோ அதில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கை அழுத்தியும் பார்க்க வேண்டும். பயணப் பெட்டியை எடை போடும் கொக்கித் தராசை விண்ட்ஸ்கிரீனின் நடுவில் துணியால் கட்டி, பின்னோக்கி 12 கிலோ காட்டும் வரை இழுத்தேன். மேலே சொன்ன கணக்கின்படி இது பலத்த எதிர்காற்றுக்கும் சற்று மேலான விசை. நெம்புகோலைத் திறந்து வைத்தும் அதே சோதனையைச் செய்தேன்; கம்பி பள்ளத்தை விட்டு அசையவில்லை. பிறகு ஒவ்வொரு நட்டின் தலையில் இருந்து தகடு வரை ஒரு வெள்ளைப் பெயிண்ட் கோடு போட்டேன். கோடு முறிந்திருந்தால் நட் சுழன்றிருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

சாலைச் சோதனைக்குத் திருநெல்வேலியில் இருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையை விடப் பொருத்தமான இடம் இல்லை. வள்ளியூரைத் தாண்டி முப்பந்தல், ஆரல்வாய்மொழி என்று நெருங்க நெருங்க, மலைக் கணவாய் வழியே பாயும் தென்மேற்குப் பருவக்காற்று பக்கவாட்டில் வந்து அறையும். அத்தனை காற்றாலைகளை அங்கே நட்டு வைத்திருப்பதும் அதனால்தான். கீழிருந்து நான்காவது பள்ளத்தில் வைத்து 90, 100 கிலோமீட்டர் வேகத்தில் சென்றபோது ஹெல்மெட்டின் ஆட்டம் நின்றுவிட்டது. இரைச்சல் இருந்தது, ஆனால் அது சீரான இரைச்சல். முன்பு இருந்த படபடப்பு இல்லை. விண்ட்ஸ்கிரீன் உயரும்போது அதன் அடியில் ஓர் இடைவெளி திறக்கிறது. அதன் வழியாகப் புகும் காற்று, பின்னால் உண்டாகும் தாழ்ந்த அழுத்தத்தை ஓரளவு நிரப்புவதால் கலக்கம் குறைகிறது. உயரத்தைப் போலவே இந்த இடைவெளிக்கும் அந்த அமைதியில் பங்கு உண்டு என்று நம்புகிறேன். ரப்பர்ப் பட்டையால் இடைவெளியை அடைத்து ஓட்டிப் பார்த்தபோது படபடப்பு ஓரளவு திரும்பியது.

ஆறாவது பள்ளம் மழைக்கு நல்லது. நெஞ்சில் நீர் அடிப்பதில்லை. ஆனால் ஊருக்குள் அந்த உயரத்தில் காற்றே வராமல் எஞ்சின் சூடு மேலேறித் தகிக்கும். சித்திரை வெயிலில் அதைப் பொறுக்க முடியாது. பக்கக்காற்று பலமாக வீசும் இடங்களில் உயர்த்தி வைப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பரப்பு மேலே போகப் போக, காற்று வண்டியைச் சாய்க்கும் விசையும் கூடும். என் விண்ட்ஸ்கிரீன் வண்டியின் சட்டத்தோடு இணைந்தது என்பதால் அந்த விசை நேராக ஹேண்டில்பாருக்கு வருவதில்லை. ஹேண்டில்பாரில் பொருத்தும் வகையாக இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஆனி ஆடி மாதங்களில் முப்பந்தலுக்கு முன்பாகவே வண்டியை நிறுத்தி, முதல் பள்ளத்துக்கு இறக்கிவிட்டுத்தான் கடக்கிறேன். இறக்க ஆகும் நேரம் கையுறையைக் கழற்றும் நேரத்தைவிடக் குறைவு.

நெம்புகோலை மூடும் முறையைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பலரும் அதை இறக்கை நட்டைப் போலச் சுற்றி இறுக்குகிறார்கள். மறுமுனை நட்டைக் கையால் சரிசெய்து, நெம்புகோல் பாதி மூடிய நிலையில், அதாவது தகட்டுக்குச் செங்குத்தாக நிற்கும்போது, தடை உணரத் தொடங்க வேண்டும். அங்கிருந்து உள்ளங்கையில் தடம் பதியும் அளவுக்கு அழுத்தி மூட வேண்டும். மூடிய நெம்புகோல் பின்னோக்கிப் படுத்திருந்தால் கேபிள் எதுவும் அதில் சிக்காது.

கடலோரம் அடிக்கடி ஓட்டுபவர்கள், எவர்சில்வர் போல்ட்டும் அலுமினியமும் தொடும் இடங்களில் உப்புக்காற்று பட்டால் அலுமினியம் வெள்ளைத் தூளாக அரிக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். வாஷருக்கு அடியில் சன்னமாகக் கிரீஸ் தடவினால் போதும். ஆனால் அது பாலிகார்பனேட் வரை வழியக் கூடாது. மழைக்காலம் முடிந்ததும் நெம்புகோலைக் கழற்றி, உள்கம்பியைத் துடைத்து, கேமில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மாட்டுகிறேன். குழாய் உறை தேய்ந்தால் புதிய துண்டை வெட்டிப் போட்டுக்கொள்ளலாம். நடுவில் குறுக்காக ஓடும் அச்சில், சைக்கிள் டியூபைச் சுற்றி அதன் மேல் கைபேசித் தாங்கியைப் பொருத்தியிருக்கிறேன். விண்ட்ஸ்கிரீனுக்குப் பின்னால் இருப்பதால் மழை அதிகம் படுவதில்லை, வழி பார்க்கத் தலையைக் குனிய வேண்டியதும் இல்லை.